சிவப்பு லீவரிலிருந்து வெள்ளி லீவருக்கு: பைக் பாகங்களில் கலர் அனோடைசிங்கை எடுக்கும் வேலை

வெயிலில் நிற்கிற பைக்கில் சீக்கிரம் வயசாவது கலர் அனோடைசிங் செய்த பாகங்களுக்குத்தான். சிவப்பு லீவர் பிங்க் ஆகிவிடும். கருப்பு ரியர்செட் (கால் வைக்கும் ஃபுட்பெக்கைத் தாங்கும் பிளேட்) ஊதாவும் இல்லாமல் செம்பும் இல்லாமல் ஒரு நிறத்துக்குப் போகும். இது போக, செகண்ட் ஹேண்டில் வாங்கிய பைக்கில் பழைய ஓனர் ஆசைப்பட்டு மாட்டிய நீல ரிம், பச்சை கிளிப்-ஆன் (ஃபோர்க் குழாயில் தனித்தனியாகப் பூட்டும் ஹேண்டில்) என்று எத்தனையோ இருக்கும். இவற்றை வெறும் அலுமினிய நிறத்துக்குக் கொண்டுவருவது கடினமான வேலை இல்லை. நிறம் போக நாலைந்து நிமிடம் போதும். எந்தப் பாகத்தைக் காஸ்டிக் சோடா கரைசலில் முக்கவே கூடாது, முக்கின பாகத்தை எந்த நொடியில் வெளியே எடுக்க வேண்டும் என்கிற இரண்டு கேள்விகளில்தான் பாகம் பிழைப்பதும் பாழாவதும் இருக்கிறது.

அனோடைசிங் மேலே பூசின பூச்சு இல்லை. கந்தக அமிலத் தொட்டியில் அலுமினியத்தை நேர்மின்வாயாக வைத்து மின்சாரம் செலுத்தும்போது, அந்த உலோகத்தின் மேற்பரப்பே அலுமினியம் ஆக்சைடாக மாறி வளர்கிறது. அலங்கார வேலைக்கு இந்தப் படலம் 5 முதல் 25 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். படலம் முழுக்க நுண்துளைகள். சாயம் அந்தத் துளைகளுக்குள் இறங்கி உட்கார்ந்த பிறகு, வெந்நீரிலோ நிக்கல் அசிடேட் கரைசலிலோ போட்டுத் துளைவாயை மூடிவிடுவார்கள். அதனால்தான் தின்னர், அசிட்டோன், பெயின்ட் ரிமூவர் எதற்கும் அது அசையாது. நிறத்தை மட்டும் தனியாகப் பிடுங்க வழி இல்லை. நிறம் உட்கார்ந்திருக்கும் படலத்தையே கரைக்க வேண்டும்.

அலுமினியம் ஆக்சைடு அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். வீட்டு வேலைக்கு ஏற்றது காரம், அதாவது காஸ்டிக் சோடா. சிக்கல் என்னவென்றால் காஸ்டிக் ஆக்சைடோடு நிற்காது, அடியில் இருக்கும் அலுமினியத்தையும் தின்னும். ஆக்சைடு கரையும்போது வாயு வராது. அலுமினியம் கரையும்போது ஹைட்ரஜன் குமிழி வரும். பாகத்தின் மேல் குமிழி வர ஆரம்பித்தால் கரைசல் உலோகத்தைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். வாட்சைப் பார்ப்பதைவிடக் குமிழியைப் பார்ப்பது நல்லது.

ஆரம்பிக்கும் முன்பே, பாகத்தில் இருப்பது அனோடைசிங்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மறைவான இடத்தில் பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தேய்த்தால் நிறம் பஞ்சில் வந்தால் அது பெயின்ட் அல்லது லாக்கர். நகத்துக்குத் தடிப்பாக, ஓரங்களில் உருண்டு தெரிந்தால் பவுடர் கோட்டிங்; அதை முதலில் பெயின்ட் ரிமூவரில் எடுக்க வேண்டும். அசிட்டோனுக்கு அசையாமல், எந்திரம் ஓடிய கோடுகள் நிறத்துக்கு அடியில் தெளிவாகத் தெரிந்தால் அனோடைசிங்காக இருக்க வாய்ப்பு அதிகம். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் அந்தப் பரப்பில் லேசாக வைத்தால் பீப் சத்தம் வராது, ஏனென்றால் ஆக்சைடு மின்சாரம் கடத்தாது. பெயின்டும் கடத்தாது என்பதால் இந்தச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். சில கம்பெனிகள் அனோடைசிங்குக்கு மேல் கிளியர் லாக்கரும் அடித்திருப்பார்கள். லாக்கரை எடுக்காமல் முக்கினால் அது கிழிந்த இடத்தில் மட்டும் காஸ்டிக் இறங்கி, பாகம் வரைபடம் மாதிரி ஆகிவிடும்.

காந்தமும் வையுங்கள். ஒட்டினால் இரும்பு, இந்த வேலைக்கே சம்பந்தமில்லை. டைட்டானியம் போல்ட்டில் இருக்கும் நீலமும் ஊதாவும் வேறு கதை. அங்கே சாயமே கிடையாது. மிக மெல்லிய ஆக்சைடு படலத்தில் ஒளி பட்டுத் திரும்பும்போது உண்டாகும் நிறம் அது. காஸ்டிக் தேவையில்லை, மெட்டல் பாலிஷும் ஸ்காட்ச்-பிரைட்டும் கொண்டு தேய்த்தாலே போய்விடும்.

இனி முக்கக் கூடாதவை. பிரேக் காலிப்பர், பிரேக் மாஸ்டர் சிலிண்டர், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர். இவற்றின் உள்துளையிலும் அனோடைசிங் இருக்கும், அங்கே அது அழகுக்காக இல்லை. சீல் உராயும் பரப்பு அது, பிரேக் ஃப்ளூயிட் உறிஞ்சும் ஈரத்திலிருந்து உலோகத்தைக் காப்பாற்றுவதும் அதுதான். அது போனால் துளை சில மைக்ரான் பெரிதாகும், சீக்கிரம் அரிக்கும், சீல் கசியும். வெளிப்புறத்தை மட்டும் எடுக்கிறேன் என்று துளையை அடைத்துவிட்டு முக்குகிறவர்கள் உண்டு. பிரேக் விஷயத்தில் ஒரு ரப்பர் கார்க்கை நம்புவதை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். அப்சைடு டவுன் ஃபோர்க்கின் (தடித்த குழாய் மேல்பக்கம் இருக்கும் முன் ஃபோர்க்) வெளிக்குழாயும் இதே ரகம். தங்க நிறம் வெளியே இருந்தாலும், உட்சுவரில் புஷ் ஓடும் இடத்தில் கடின அனோடைசிங் (தேய்மானம் தாங்கும் தடித்த படலம்) இருக்கலாம். சில மோட்டோகிராஸ் ஃபோர்க்குகளில் மாலிப்டினம் டைசல்ஃபைடு ஏற்றிய காஷிமா கோட் இருக்கும். அதைக் கரைத்தால் ஃபோர்க் பிடித்துப் பிடித்துத்தான் ஓடும், திரும்பக் கொண்டுவரவும் வழியில்லை. தங்க நிற ஃபோர்க் பிடிக்கவில்லை என்றால் வெளியே வினைல் ஒட்டிக்கொள்வது மலிவு.

ஹேண்டில்பார் இரண்டுங்கெட்டான். கலர் பார்கள் பலவும் 2014 டி6 (டி6 என்பது சூடேற்றிப் பலமேற்றிய நிலை) மாதிரி செம்பு அதிகமுள்ள கலவையில் செய்தவை. காஸ்டிக் அவற்றைச் சீராக அரிக்காது, நுண்ணிய குழிகளை விட்டுப் போகும். தொடர்ந்து அதிரும் பாகத்தில் வெடிப்பு தொடங்க அப்படி ஒரு குழி போதும். எடுத்தே ஆக வேண்டும் என்றால் குறைந்த நேரம் முக்கி, பிறகு 400, 600, 800 எமரி ஷீட்டால் குழி தெரியாத அளவுக்கு நீளவாக்கில் தேய்த்துவிட வேண்டும். பழைய பாரின் மேல் கீறலோ, கிளாம்ப் கடித்த தடமோ இருந்தால் அதில் நேரம் செலவழிக்காதீர்கள், புதுசு வாங்குங்கள்.

தாராளமாக முக்கலாம் என்பவை: லீவர், ரியர்செட் பிளேட், ஃபுட்பெக், கிளிப்-ஆன், ஆயில் ஃபில்லர் கேப், பார்-எண்ட் (ஹேண்டில் நுனியில் மாட்டும் குமிழ்), ஸ்பேசர், சங்கிலி அட்ஜஸ்டர், ஆரம் கழற்றிய ரிம். கலர் நன்றாக ஏறியிருக்கும் பாகம் பெரும்பாலும் 6061, 6082, 7075 மாதிரி கலவையில் மில்லிங் செய்ததாகவோ ஃபோர்ஜ் செய்ததாகவோதான் இருக்கும். வார்ப்பு அலுமினியத்தில், உதாரணமாக எஞ்சின் கவருக்குப் போடும் ஏடிசி12 கலவையில், சிலிக்கான் 10 சதவீதத்துக்கு மேலும் போகும். அதில் சாயம் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும். அதனால் கலர் எஞ்சின் கவர் என்றால் பெயின்டாகவோ பவுடராகவோ இருக்க வாய்ப்பு அதிகம். அதைக் காஸ்டிக்கில் போட்டால் கரிச்சட்டி நிறத்தில் வெளியே வரும்.

காஸ்டிக் சோடா கெமிக்கல் கடைகளில் செதிலாகக் கிடைக்கும். குழாய் அடைப்பு நீக்கும் பாக்கெட்டையும் பலர் வாங்குகிறார்கள். அதில் இரண்டு தொல்லை. சிலதில் அலுமினியத் துகள் கலந்திருப்பார்கள், தண்ணீரில் போட்டதும் கொதித்துப் பொங்கும். சிலது காஸ்டிக்கே இல்லை, அடர் கந்தக அமிலம். லேபிளில் சோடியம் ஹைட்ராக்சைடு என்று மட்டும் இருந்தால் வாங்குங்கள். டாய்லெட் கிளீனர் பக்கம் போகவே வேண்டாம். பலதிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அது அலுமினியத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழி போட்டுவிடும்.

அளவு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். இதற்கு மேல் கெட்டியாகக் கலக்குவதில் லாபமில்லை, நம் கைக்குக் கட்டுப்படாது. பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி மரக்குச்சியால் கலக்க வேண்டும். மாற்றிச் செய்தால், அதாவது காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால், கொதித்து முகத்தில் தெறிக்கும். இந்த அளவுக்கே கரைசலின் வெப்பம் 12, 13 டிகிரி ஏறும். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் ஏற்கெனவே 35 டிகிரி இருந்தால், கலக்கி முடித்ததும் 48 டிகிரி. பத்து டிகிரி ஏறினால் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. எனவே 30 டிகிரிக்கு ஆறவிட்டுத்தான் பாகத்தை இறக்க வேண்டும். அலுமினியச் சட்டியும் வேண்டாம், ஜிங்க் பூசிய இரும்பு வாளியும் வேண்டாம், இரண்டையும் காஸ்டிக் தின்னும்.

முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, கண்ணை முழுக்க மூடும் காகிள்ஸ், முழுக்கை சட்டை, ஷூ. இதில் எதையும் பேரம் பேசக் கூடாது. அமிலம் பட்டால் உடனே எரியும். காஸ்டிக் பட்டால் முதலில் வழுவழுப்புதான் தெரியும், எரிச்சல் வருவதற்குள் தோல் வெந்திருக்கும். பட்ட இடத்தில் வினிகர் ஊற்றாமல், ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து 15 நிமிடமாவது விடாமல் தண்ணீர் விட்டு, நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். வேலை திறந்த வெளியில்தான். ஒரு கிராம் அலுமினியம் கரைந்தாலே ஒன்றேகால் லிட்டர் ஹைட்ரஜன் வரும். வாளிக்கு மூடி போடக் கூடாது, பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது.

பாகத்தை முழுக்கக் கழற்றுங்கள். பேரிங், பித்தளை புஷ், ஸ்பிரிங், ஓ-ரிங் எல்லாம் வெளியே. சாதாரண இரும்பைக் காஸ்டிக் ஒன்றும் செய்யாது, ஆனால் போல்ட்டின் மேலிருக்கும் ஜிங்க் முலாம் போய்விடும். பேரிங் உட்காரும் துளையைக் காப்பாற்ற வேண்டுமானால், இரண்டு பக்கமும் ரப்பர் வட்டு வைத்து நடுவில் ஒரு நீள போல்ட் போட்டு இறுக்கினால் போதும். சிறு மரைத் துளைகளுக்கு ரப்பர் கார்க், அல்லது உருக்கி ஊற்றிய மெழுகுவர்த்தி மெழுகு. பாரஃபின் மெழுகைக் காஸ்டிக் தொடாது. அடுத்தது கிரீஸ் எடுப்பது. பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரப்பு முழுக்கப் படர்கிறதா என்று பாருங்கள். முத்தாக நின்றால் அங்கே எண்ணெய் இருக்கிறது, அங்கே நிறம் தாமதமாகப் போகும். மற்ற இடம் வெந்து முடிந்த பிறகும் விரல் பதிந்த தடத்தில் மட்டும் சிவப்பு நிற்பதைப் பார்க்கலாம்.

இனி முக்குவது. ஒரு சிவப்பு பிரேக் லீவரை நைலான் கயிற்றில் கட்டி இறக்கினால் முதல் அரை நிமிடம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். பிறகு லீவரைச் சுற்றித் தண்ணீரில் இளஞ்சிவப்பு கசியும், ரோஜாப்பூ நிறத்துக்கு வெளுக்கும். கூரான ஓரங்களில் முதல் குமிழிகள் கோடாகக் கிளம்பும். அங்கே படலம் முதலில் முடிந்திருக்கிறது. அந்த நேரத்தில் வெளியே எடுத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, நைலான் பிரஷ்ஷால் ஒரு தடவை தேய்த்துப் பாருங்கள். வெளுத்த படலம் குழைந்து மாவு மாதிரி கையோடு வரும். நிறம் மிச்சமிருந்தால் திரும்ப 30 நொடி, திரும்பக் கழுவல். முழுப் பரப்பும் ஒரே சீராக நுரைக்கிறது என்றால் வேலை முடிந்துவிட்டது, அதற்கு மேல் நிற்கும் ஒவ்வொரு நொடியும் உலோகம் போகிறது. சாதாரண அலங்கார அனோடைசிங்குக்கு மொத்தமாக 1 முதல் 4 நிமிடம். கடின அனோடைசிங் 50 மைக்ரான் வரைகூட இருக்கும், அதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகலாம். அவசரப்பட்டு சூடாக்க வேண்டாம், பொறுமையாக எடுத்து எடுத்துப் பாருங்கள்.

ஒரே வாளியில் நாலைந்து பாகத்தை ஒன்றாகப் போடக் கூடாது. ஒவ்வொன்றின் படலமும் ஒவ்வொரு தடிமன். கருப்பு ரியர்செட் வெளுப்பதற்குள் நீல பார்-எண்ட் வெந்து போகும். அலுமினியம் கரையக் கரையக் கரைசலும் சூடேறும், மூன்றாவது பாகம் முதலாவதைவிட வேகமாகப் போவதற்கு அதுதான் காரணம். வெளியே எடுத்த பாகத்தைக் கழுவாமல் வெயிலில் பிடித்துக்கொண்டு ரசித்தால் வழிந்த காஸ்டிக் காய்ந்து, கோடு கோடாகத் தடம் விழும். அதை எமரி போட்டுத்தான் எடுக்க முடியும்.

வெளியே வந்த பாகம் பளபளவென்று இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் பயந்து போவது அடுத்த கட்டத்தில். சாம்பல் அல்லது கருப்புப் பொடி பூசின மாதிரி இருக்கும். இதைத் தொழிலில் ஸ்மட் என்பார்கள். காஸ்டிக் அலுமினியத்தைக் கரைத்துவிடும், கலவையில் இருக்கும் செம்பு, இரும்பு, மாங்கனீஸ், சிலிக்கானைக் கரைக்காது, அவை மேலே தங்கிவிடும். 6061-இல் இது லேசான சாம்பல். 7075-இல் கருமை. 2014-இல் அடுப்புக்கரி. பட்டறையில் நைட்ரிக் அமிலத்தில் அரை நிமிடம் முக்கி எடுத்துவிடுவார்கள். வீட்டில் நைட்ரிக் வேண்டாம், பித்தளையோ செம்போ தெரியாமல் உள்ளே போனால் பழுப்பு நிறத்தில் நச்சுப் புகை கிளம்பும். பாத்திரம் கழுவும் திரவம் தொட்ட ஸ்காட்ச்-பிரைட்டால் ஈரமாகத் தேய்த்தாலே பெரும்பகுதி வந்துவிடும், எப்படியும் அடுத்து பாலிஷ்தானே. ஸ்விங்-ஆர்ம் மாதிரி வெல்டிங் உள்ள பாகத்தில் வெல்டு மட்டும் கருஞ்சாம்பலாகத் தெரிந்தால், 5 சதவீதம் சிலிக்கான் உள்ள 4043 கம்பியில் வெல்டு செய்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். அது தேய்த்தாலும் மற்ற இடத்தின் நிறத்துக்கு வராது.

அடி மூடிய துளைகளைக் கவனிக்க வேண்டும். அதில் தேங்கிய காஸ்டிக் இரண்டு நாள் கழித்து வெள்ளைப் பொடியாகக் கசியும், உள்ளே மரையையும் தின்னும். லிட்டருக்கு 30 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரில் ஐந்து நிமிடம் ஆட்டி எடுத்து, மறுபடி நல்ல தண்ணீரில் கழுவி, துளைக்குள் கம்ப்ரெசர் காற்று அடித்துவிடுங்கள். காகிள்ஸ் அப்போதும் கண்ணில் இருக்கட்டும், காற்று அடிக்கும்போதுதான் தெறிக்கும்.

லேசர் எழுத்துகள் இந்த வேலையில் போய்விடும். லீவர் அட்ஜஸ்டரில் 1 முதல் 6 வரை இருக்கும் எண், கிளிப்-ஆனில் இருக்கும் கோணக் கோடு, பிராண்டு பெயர், எல்லாமே பெரும்பாலும் சாயத்தை மட்டும் வெளுத்துப் போட்டவை. படலம் கரைந்தால் எழுத்தும் சேர்ந்து கரையும். எந்திரத்தில் குடைந்த எழுத்து மட்டும்தான் நிற்கும். தேவையானதை முன்பே ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, முடிந்த பிறகு பஞ்ச்சால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளலாம்.

ரிம் வாளிக்குள் அடங்காது. பாதி பாதியாகத் திருப்பித் திருப்பி முக்கினால் பட்டை பட்டையாகத்தான் வரும். உள் விட்டம் 60 செ.மீ. உள்ள தட்டையான பிளாஸ்டிக் டப் கிடைத்தால் 17 அங்குல ரிம் படுக்கையாக உட்காரும். 12 செ.மீ. ஆழத்துக்குச் சுமார் 34 லிட்டர், அதாவது 1.7 கிலோ காஸ்டிக் ஆகிறது. நடுவில் 30 செ.மீ. அகல பிளாஸ்டிக் வாளியில் மணல் நிரப்பி வைத்தால் 8 லிட்டருக்கு மேல் மிச்சம். ஆரங்களையும் நிப்பிளையும் (ஆரத்தை ரிம்மில் இறுக்கும் நட்) கழற்றாமல் முக்க நினைக்காதீர்கள். அலுமினிய நிப்பிள் என்றால் மரை போய்விடும்.

காஸ்டிக் இல்லாமல் எமரியால் மட்டுமே எடுக்க முடியுமா? முடியும், கை விட்டுப் போகும். அனோடைசிங் படலமும் சாதாரண எமரி ஷீட்டில் இருக்கும் துகளும் வேதியியல்படி ஒரே அலுமினியம் ஆக்சைடுதான். சிலிக்கான் கார்பைடு வாட்டர் பேப்பர் கொஞ்சம் பரவாயில்லை. பார்-எண்ட் மாதிரி உருண்டையான சிறு பாகத்தை லேத்தில் பிடித்துச் சுற்றவிட்டு எடுப்பது நியாயமான வழி. குடைவும் மூலையும் நிறைந்த ரியர்செட்டில் அது நடக்காது.

மினுமினுப்பு வேண்டுமென்றால் 400-இல் தொடங்கி 600, 800, 1000, 1500, 2000 வரை ஈரமாகத் தேய்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய கீறலுக்குக் குறுக்கே ஓட்டி, கடைசியில் துணிச் சக்கரத்தில் காம்பவுண்டு போட வேண்டும். பாதுகாப்பு இல்லாத அலுமினியம் கடற்கரை ஊர்களில் சில வாரங்களிலேயே மங்கும், அதிலும் 2014-உம் 7075-உம் வெள்ளை பூக்கும். மேலே கிளியர் லாக்கர் அடித்தால் நிற்குமா என்றால், கல் பட்டு ஓர் இடத்தில் உரிந்ததும் அதன் அடியில் புழு ஊர்ந்த மாதிரி அரிப்பு பரவும். அதைவிட மெழுகு பூசி, மாதம் ஒருமுறை பாலிஷ் போடுவதே சுலபம். பவுடர் கோட்டிங் போட நினைப்பவர்கள் கலவையைப் பார்த்துவிட்டுப் போங்கள். 7075 டி6 பலம் பெறுவது சுமார் 120 டிகிரியில் பல மணி நேரம் வைத்து. பவுடர் வேகும் 180 முதல் 200 டிகிரியில் அந்தப் பலம் இறங்க ஆரம்பிக்கும். அந்தக் கலவையில் செய்த ஸ்ப்ராக்கெட்டையும் டிரிபிள் கிளாம்ப்பையும் (ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கிளாம்ப்) பவுடர் வேகவைக்கும் சூட்டடுப்புக்குள் அனுப்பக் கூடாது.

திரும்ப அனோடைசிங்தான் திட்டம் என்றால் வீட்டில் எடுக்கவே வேண்டாம். அம்பத்தூர், கோவை மாதிரி தொழிற்பேட்டை உள்ள ஊர்களில் ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைகள் பழைய படலத்தை எடுத்துவிட்டுத்தான் புதுசு போடுவார்கள், நைட்ரிக் தொட்டியும் அவர்களிடமே இருக்கும். கொடுக்கும்போது கலவை எது, எந்தத் துளையை மறைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். மரைக்குள் இருக்கும் ஸ்டீல் இன்செர்ட்டைக் கழற்றிவிட வேண்டும். காஸ்டிக்கைத் தாங்கிய இரும்பு அனோடைசிங் தொட்டியின் கந்தக அமிலத்தைத் தாங்காது. அளவையும் யோசியுங்கள். சாதாரண அனோடைசிங்கில் படலத்தின் மூன்றில் இரண்டு பங்கு உலோகத்துக்குள் இறங்கியது, ஒரு பங்குதான் மேலே வளர்ந்தது. 15 மைக்ரான் படலத்தைக் கரைத்தால் மூல அளவிலிருந்து 10 மைக்ரான் குறைந்துதான் நிற்கும், துளையில் அது இரண்டு பக்கமும் சேர்ந்து 20 மைக்ரான். மறுபடி போட்டால் 5 மைக்ரான் மேலே வரும், ஆனால் உள்ளே இன்னொரு 10 போகும். அடித்து இறக்கும் பேரிங் இரண்டாவது தடவைக்குப் பிறகு கையாலேயே உள்ளே போகிறதென்றால் காரணம் இதுதான்.

மிஞ்சிய கரைசலைச் செடிக்கோ சாக்கடைக்கோ ஊற்றாதீர்கள். 5 லிட்டரில் 250 கிராம் காஸ்டிக் இருந்தால் அதை நடுநிலையாக்கச் சுமார் 400 கிராம் சிட்ரிக் அமிலம் பிடிக்கும். அமிலத்தைத் தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும், ஒரேயடியாகக் கொட்டினால் சூடேறித் தெறிக்கும். இடையில் வெள்ளையாகக் கஞ்சி மாதிரி திரளக்கூடும், கரைந்திருந்த அலுமினியம் ஹைட்ராக்சைடாக வெளியே வருவது அது. பிஎச் தாளில் 7, 8-க்கு வந்ததும் ஓர் இரவு தெளியவிடுங்கள். அடியில் படிந்ததைப் பழைய துணியில் வடிகட்டி, காயவைத்து, கட்டிக் குப்பையில் சேர்க்கலாம். தெளிந்த நீரை நிறையத் தண்ணீர் விட்டுக் கழிவுக் குழாயில் விடலாம், சாயத்தின் நிறம் அதில் லேசாகத் தெரிந்தாலும்.